நெமிலியில் விழுந்தது யார்?

மாப்பிள்ளையின் அப்பா தனபால் மாமா கையில் எடுத்த வாழைக்காய் பஜ்ஜி வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது.

நான் காபி டம்ளர்கள் வைத்த தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். மாம்பழ நிறப் பட்டுப்புடவை. தலையில், ஆம்பூர் மார்க்கெட்டில் அன்றைக்கு வந்த மல்லிகையில் பாதி. பெண் பார்க்கும் சடங்கு என்று பெயர்தானே தவிர, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஷூ கம்பெனியில் இரண்டு வருஷமாகத் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தாம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஜாதகம்கூடப் பார்த்தாயிற்று. பாக்கி இருந்தது பஜ்ஜி சாப்பிடுவது மட்டும்.

அதுதான் நடக்கவில்லை.

மாமாவின் கண் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கச்சை கட்டிய வெற்றுடம்பு, முறுக்கிய மீசை, மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்த இடது கையில் பூசணிக்காய் மாதிரி ஒரு கிளவுஸ். வலது கை முதுகுக்குப் பின்னால்.

“இது யாருங்க?” என்றார் மாமா.

என் அப்பா ஜெயவேலு, நாங்கள் நைனா என்போம், இந்தக் கேள்விக்காகவே வாழ்ந்தவர். பால்காரர் கேட்டாலும் சரி, கரண்ட் பில் எடுக்க வந்தவர் கேட்டாலும் சரி, நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். அன்றைக்கும் எழுந்தார்.

“எங்க தாத்தாங்க. பாக்சர் முனுசாமி. அந்தக் காலத்துல இந்தச் சுத்துவட்டாரத்துல அவர் கைக்கு முன்னால நிக்க ஆள் கிடையாது. விரிஞ்சிபுரத்துல கன்னியப்பன்னு ஒருத்தன் இருந்தானாம், பெரிய பயில்வான் கணக்கா. ஒரே குத்து! பாலாத்து மணல்ல இருந்து ஆளைத் தோண்டித்தான் எடுத்தாங்களாம்.”

குத்திக் காட்டியபோது நைனாவின் கை மின்விசிறியின் ரெகுலேட்டரில் பட்டு, ஃபேன் படபடவென்று ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் விரிஞ்சிபுரத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்பது கதை சொல்லும் வேகத்தில் அவருக்கு மறந்தே போய்விட்டது.

மாமா கடிக்காத பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

“கன்னியப்பன் எங்க தாத்தா,” என்றார். “இன்னொண்ணும் கேட்டுக்கங்க. மணல்ல இருந்து தோண்டி எடுத்தது உங்க தாத்தாவத்தான்.”

ஐந்தே நிமிஷத்தில் வேன் கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை சுரேஷ் மட்டும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனான். கையில் பஜ்ஜி இருந்தது. எந்த நிலையிலும் அவன் சாப்பாட்டைக் கைவிடமாட்டான். (கல்யாணத்துக்குப் பிறகு அவர் ‘அவர்’. அதுவரைக்கும் ‘அவன்’தான். இந்தக் கதை முடிகிறவரை அவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

இடதுக்கு வலது

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நான் போட்ட சண்டையைப் பற்றிப் போன வாரக் கட்டுரையில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்களுக்கு இவ்வளவு கோபம் வருகிறதே, உங்களை யார் கல்யாணம் செய்துகொண்டார்?” என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் நீளமானது. அதற்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

கம்பெனியில் நான் ஜோடி சேர்ப்பவள். ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகள் கட்டிங் செக்‌ஷனிலிருந்து குவியல் குவியலாக வரும். கறுப்பு என்றால் எல்லாம் ஒரே கறுப்பு என்று நீங்கள் நினைப்பீர்கள். கிடையாது. தோலுக்குத் தோல் மயிர் முளைத்திருந்த ரோமக்கண் வேறு, நரம்பு ஓட்டம் வேறு, வயிற்றுப்பக்கம் வேறு, முதுகுப்பக்கம் வேறு. இடது கால் துண்டுக்கு அதே தோலில் பக்கத்திலேயே வெட்டிய வலது துண்டைத் தேடிச் சேர்க்க வேண்டும். தப்பினால், வாங்கியவர் காலில் ஒன்று அண்ணன் மாதிரியும் இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரன் மாதிரியும் இருக்கும்.

சுரேஷ் கட்டிங்கில் இருந்தான். அவன் மேஜையிலிருந்து வரும் குவியலில் மட்டும் தினமும் ஒரு ஜோடி தப்பியிருக்கும். “இந்த லெஃப்ட்டுக்கு ரைட்டு எங்க?” என்று கேட்டுக்கொண்டு நான் அவன் மேஜைக்குப் போக வேண்டும். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பான். ரைட்டு சட்டைப் பைக்கு எப்படிப் போனது என்று நான் கேட்டதில்லை. வேண்டுமென்றேதான் செய்தான். இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. பிறகு ஒருநாள், துண்டு சரியாக இருந்தும் நான் போய்க் கேட்டேன். அன்றைக்கே எல்லாம் முடிவாகிவிட்டது.

அப்படி இரண்டு வருஷம் பக்குவமாக வளர்த்த காதலைத்தான் செத்துப்போன இரண்டு பேர் சேர்ந்து குத்திச் சாய்த்துவிட்டார்கள்.

ஆவாரம்பட்டை மூட்டை

முனுசாமி தாத்தாவின் குத்துச்சண்டை வாழ்க்கையை நைனா சொல்லி நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஆயிரமும் வேறு வேறு.

மாறாத பகுதி இவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலம். தாத்தா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தார். ஊறிய தோலை முறுக்கித் தூக்கிப் போட்டே தோள் இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. வேலூர்க் கோட்டைப் பக்கம் ஒருநாள் போனபோது சிப்பாய்கள் குத்துச்சண்டை பழகுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அது போதுமாக இருந்தது. திரும்பி வந்து, தோல் பதப்படுத்த வைத்திருந்த ஆவாரம்பட்டையை ஒரு சாக்கில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டுக் குத்த ஆரம்பித்தார். அவர் குத்துகிற குத்தில் பட்டை தூளாகிவிட்டதால், ஷாப்பில் பட்டை இடிக்க ஆள் வைக்கிற வேலையே மிச்சமானது என்று நைனா சொல்வார். இதை மட்டும் நான் நம்புகிறேன்.

காசுக்குச் சண்டை போட்டவர் இல்லை. அது நைனாவுக்குப் பெரிய பெருமை. திருவிழாவில் கரகாட்டத்துக்கும் வாண வேடிக்கைக்கும் நடுவில் ஒரு வட்டம் போடுவார்கள். இறங்கிக் குத்துவார். ஜெயித்தால் வெற்றிலை பாக்கும் வயிறு நிறையச் சாப்பாடும். அவ்வளவுதான்.

மாறும் பகுதி எதிராளியின் உயரம். நான் பள்ளிக்கூடம் போகும்போது கன்னியப்பன் ஐந்தரை அடி. நான் பத்தாவது முடிக்கும்போது ஆறடி. கம்பெனியில் சேர்ந்த வருஷம் வீட்டு நிலைப்படி தலையில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். செத்த பிறகும் வளர்ந்த ஒரே மனிதர் அவர்தான்.

பதினைந்து சண்டை. பதினைந்திலும் வெற்றி. கடைசிச் சண்டை நெமிலியில். “நெமிலில எதிராளி விழுந்தான். அத்தோட தாத்தா கிளவுஸைக் கழட்டுனவருதான், அப்புறம் மாட்டவே இல்ல” என்று முடிப்பார் நைனா. அந்த வரியை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்.

அந்தக் கிளவுஸ் எங்கள் பீரோவில் இருந்தது. இடது கை மட்டும். வலது கை பாலாற்று வெள்ளத்தில் போய்விட்டதாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து எண்ணெய் தடவி, குங்குமம் வைத்து, மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார வைப்போம்.

எதிர்க்கட்சி

பெண் பார்த்த மறுநாள் கேன்டீனில் சுரேஷ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“எங்க வீட்லயும் ஒரு போட்டோ இருக்குது வசந்தி,” என்றான். “அதே மாதிரி கச்சை, அதே மாதிரி மீசை. பதினஞ்சு சண்டை, பதினஞ்சும் கெலிப்பு. கடைசிச் சண்டை நெமிலில. எதிராளி விழுந்துட்டான். நம்ம ரெண்டு வீட்டுக் கதையும் ஒண்ணு, விழுந்த ஆளுதான் வேற.”

“கிளவுஸ்?”

“இருக்குது. ரைட்டு மட்டும். லெஃப்ட்ட ஒரு வெள்ளைக்கார தொர ஞாபகார்த்தமா கேட்டு வாங்கிட்டுப் போய்ட்டானாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. காரணம் இருந்தது. அவன் அத்தை குடியாத்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். ஆவணி பிறந்ததும் பேசி முடித்துவிடலாம் என்று மாமா தலையாட்டிவிட்டார். அப்போது ஆனி கடைசி. நடுவில் ஆடி ஒன்றுதான் இருந்தது.

சமாதானத்துக்கு மாமா போட்ட நிபந்தனை ஒன்றுதான். பொண்ணு வீட்டுக்காரர், தன் தாத்தா தோற்றவர் என்று ஒரே ஒரு தடவை வாயால் சொல்ல வேண்டும். நைனாவும் ஒன்றுதான் போட்டார். அதே நிபந்தனை, ஆளை மட்டும் மாற்றி.

அம்மா ஆடிப் போய்விட்டாள். “உங்க தாத்தா குத்துன குத்துல எம்பொண்ணு கல்யாணம் நின்னு போச்சு. இப்ப சந்தோஷமா?” என்று கேட்டு, மூன்று நாள் குழம்பில் உப்புப் போடவில்லை. நைனா உப்பில்லாத குழம்பை ருசித்துச் சாப்பிட்டார். வீரப் பரம்பரை.

நான் அழுதேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தும் வெளியே பார்க்காமல் அழுதுகொண்டே போனேன். அவனை விட்டால் எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்பது அந்த வாரத்தில்தான் முழுசாகத் தெரிந்தது.

பாய் வீட்டுப் பஞ்சாயத்து

ஷபீர் பாயிடம் போகலாம் என்பது சுரேஷின் யோசனை. பாய் அந்தக் காலத்தில் ஒரு தோல் ஷாப்பில் செலக்டராக இருந்தவர். தோலைத் தொட்டுப் பார்த்து இது தேறும், இது கழிப்பு என்று பிரிக்கிற வேலை. கண்ணை மூடித் தடவியே ஆடு எந்த ஊரில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவாராம். நைனாவும் மாமாவும் வேறு வேறு வருஷங்களில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். இரண்டு பேரும் ஒன்றாகப் பயப்படுகிற ஒரே ஆள் அவர்.

பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“யா அல்லா, இன்னா பேஜாருமா இது! நூறு வருஷத்துக்கு முந்தி உட்ட குத்து, இப்பத்தான் வலிக்குதா இவங்களுக்கு? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் வரச்சொல்லு. கிளவுஸோட வரணும். தோலு பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்வான்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பாய் வீட்டு முன்னறையில் எதிரெதிர் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கிளவுஸ் மடியில், தடுப்பூசி போடக் கூட்டி வந்த பிள்ளை மாதிரி. பின்கட்டில் பிரியாணி வெந்துகொண்டிருந்த வாசனை வேறு. சுரேஷ் அடிக்கடி மூச்சை இழுத்தான்.

“குடுங்க இப்டி,” என்றார் பாய்.

“அவரை மொதல்ல குடுக்கச் சொல்லுங்க,” என்றார் நைனா.

“நான் ஏன் மொதல்ல குடுக்கணும்? தோத்தவங்க மொதல்ல குடுக்கட்டும்,” என்றார் மாமா.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நேராகப் போய் நைனா மடியிலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன். திரும்பி மாமா மடியிலிருந்து இன்னொன்றைப் பிடுங்கினேன். வருங்கால மாமனாரின் மடியிலிருந்து கிளவுஸ் பிடுங்கிய மருமகள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முள் கீறல்

இரண்டையும் பாயிடம் கொடுக்கத்தான் போனேன். ஆனால் கை பழக்கம் விடுமா? தினமும் அறுநூறு துண்டு பார்க்கிற கை. இடதும் வலதும் கைக்கு வந்தவுடன் தானாகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டேன்.

ரோமக்கண் ஒன்றாக இருந்தது. துளைகள் மூன்று மூன்றாகப் பூத்த ஆட்டுத்தோல். நரம்பு ஓட்டம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

பிறகு அந்தக் கீறல். உயிரோடு இருந்தபோது அந்த ஆடு ஏதோ ஒரு முள்வேலியில் உரசியிருக்க வேண்டும். இடது கிளவுஸின் ஓரத்தில் மெல்லிய கோடாக ஆரம்பித்து விளிம்பு வரை போய் நின்றது. வலது கிளவுஸில் அதே உயரத்தில், அதே வளைவில், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நடுவில் ஒரு கத்தி போயிருக்கிறது, அவ்வளவுதான்.

“பாய்,” என்றேன். “இது ஜோடி.”

“இன்னா?”

“ஒரே ஆடு. பக்கத்துல பக்கத்துல வெட்டியிருக்காங்க. ரெண்டும் சேர்ந்து ஒரே ஜோடி கிளவுஸு.”

பாய் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் கீறலைத் தடவிக்கொண்டே இடதிலிருந்து வலதுக்குப் போனார். திரும்பி வந்தார். இன்னொரு தடவை போனார்.

“ரைட்டு,” என்றார். “பொண்ணு சொல்றது கரெக்ட்டு. அப்ப வெள்ளமும் இல்ல, வெள்ளைக்கார தொரயும் இல்ல.”

சுரேஷ்தான் மெதுவாகக் கேட்டான். “மொத்தமே ஒரு ஜோடி கிளவுஸ்னா, ரெண்டு பேரும் எப்படிச் சண்டை போட்டாங்க?”

எனக்கு எங்கள் வீட்டுப் போட்டோ ஞாபகம் வந்தது. இடது கையில் கிளவுஸ், வலது கை முதுகுக்குப் பின்னால்.

“உங்க வீட்டுப் போட்டோல லெஃப்ட் கை எங்க இருக்குது?” என்று கேட்டேன்.

சுரேஷ் கண்ணை மூடி யோசித்தான். திறந்தபோது கண் இரண்டும் பெரிதாக இருந்தன. “முதுகுக்குப் பின்னால,” என்றான். “ஆளுக்கு ஒண்ணு! ஆளுக்கு ஒரு கைலதான் குத்தியிருக்காங்க!”

பாய்க்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. இரண்டு மாவீரர்கள், ஆயிரம் ஜனத்துக்கு நடுவில், ஒரு கையில் பூசணிக்காயும் மறு கையில் அவிழப் பார்க்கும் கச்சையுமாகச் சுற்றிச் சுற்றி வந்ததை நினைத்துப் பாருங்கள். நான் சிரித்தேன். சுரேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்காமல் இருந்தது சோபாவில் இருந்த இரண்டு பேர் மட்டும்.

நேர் வெட்டு, சாய்வு வெட்டு

“சிரிங்க, சிரிங்க,” என்றார் நைனா. முகம் சிவந்திருந்தது. “ஒரு கையோ ரெண்டு கையோ, கெலிச்சது எங்க தாத்தா. அத்தாட்சி உள்ளயே இருக்குது.” கிளவுஸின் மணிக்கட்டுப் பட்டையை மடக்கிக் காட்டினார். உள்பக்கம் கத்தியால் கீறிய சின்னச் சின்ன வெட்டுகள், பதினைந்து. “பதினஞ்சு சண்டை, பதினஞ்சு வெட்டு.”

“எங்களுதுலயும் இருக்குது,” என்று மாமா பட்டையை மடக்கினார். அங்கேயும் பதினைந்து.

தோல் ஊரில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலில் மையால் எழுதினால் நிற்காது. கத்தியால் ஓரத்தில் கீறினால்தான் நிற்கும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லாக் கணக்கும் வெட்டுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட வெட்டைப் படித்துவிடுவார்கள்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் செலக்டர் வந்து உட்கார்ந்திருந்தார்.

“ஜெயவேலு. நேர் வெட்டுன்னா இன்னா?”

நைனா தரையைப் பார்த்தார். “தேறுனது, பாய்.”

“தனபாலு. சாய்வு வெட்டுன்னா?”

“கழிப்பு, பாய்,” என்றார் மாமா, இன்னும் மெதுவாக.

“அது உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். எங்கிட்ட வேல கத்தவங்கதானே? இதுல பாதி சாய்வு. எத்தினி வருஷமா தெரியும்?”

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இங்கே தாத்தாக்கள் பாலாற்று மணலிலேயே விழுந்திருக்கிறார்கள், பேரன்மார் இரண்டு பேரும் நாற்பது வருஷமாக அந்த மீசைகளைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எண்ணெய் தடவும்போது நைனா அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்திருப்பார். சாய்வு வெட்டுகள் விரலில் பட்டிருக்கும். அப்புறம் வெளியே வந்து கன்னியப்பனை இரண்டு அங்குலம் உயர்த்தியிருப்பார். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பாவமாக இருந்தது.

நான் இரண்டு பட்டையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். இடதில் நேர் வெட்டு இருந்த இடத்தில் வலதில் சாய்வு. இடதில் சாய்வு வந்தால் வலதில் நேர். ஏழு தடவை இவர் ஜெயித்திருக்கிறார், ஏழு தடவை அவர்.

“நைனா, தாத்தா கெலிச்ச ஊருங்க பேரு சொல்லு.”

“ஆம்பூர் பக்கந்தான் எல்லாம்,” என்றார். அவருக்கு ஊர்ப்பெயர் மட்டும் மாறவே மாறாது. வரிசையாகச் சொன்னார்.

“எங்க தாத்தா கெலிச்சது விரிஞ்சிபுரம் பக்கம்,” என்றார் மாமா, யாரும் கேட்காமலே.

பாய் சோபாவில் அடித்தார். “அட படவாங்களா! ஆம்பூருல ஆம்பூர்க்காரன் கெலிக்கிறான். விரிஞ்சிபுரத்துல விரிஞ்சிபுரத்தான் கெலிக்கிறான். ஊர்க்காரன் கெலிச்சாத்தான் ஊருக்குச் சந்தோஷம், சாப்பாடும் ஜாஸ்தி. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு முறை போட்டு விழுந்திருக்காங்க. தோஸ்துங்கம்மா இவங்க! பக்கா தோஸ்துங்க!”

கடைசி வெட்டு

பதினாலு வெட்டுக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. பதினைந்தாவது பாக்கி.

இடதில் பார்த்தேன். சாய்வு. அப்படியானால் வலதில் நேர் வெட்டு இருக்க வேண்டும், கடைசிச் சண்டையில் கன்னியப்பன் ஜெயித்திருக்க வேண்டும். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். விரலை வலதுக்கு நகர்த்தினேன்.

அதுவும் சாய்வு.

“நெமிலி,” என்று நைனா முணுமுணுத்தார்.

நெமிலி ஆம்பூர்க்காரனுக்கும் அசலூர், விரிஞ்சிபுரத்தானுக்கும் அசலூர். அங்கே யார் ஜெயிப்பது என்று இரண்டு பேருக்கும் முறை தெரிந்திருக்காது. நடுவட்டத்தில் நின்று பேசிக்கொள்ளவும் முடியாது. இதற்குமேல் நான் சொல்வது என் ஊகம்தான், ஆனால் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். இவன்தான் ஜெயிக்கட்டுமே என்று முனுசாமி நினைத்திருக்கிறார். இவனே ஜெயிக்கட்டும் என்று கன்னியப்பனும் நினைத்திருக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் தொப்பென்று விழுந்துவிட்டார்கள். நெமிலி ஜனம் என்ன கூச்சல் போட்டிருக்கும்! அதற்குமேல் இந்த நாடகத்தை எந்த ஊரில் போடுவது? ஆளுக்கொரு கிளவுஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அந்தச் சண்டைக்கும் உண்மையாக ஒரு வெட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நெமிலியில் எதிராளி விழுந்தான். இரண்டு வீடும் சொன்னது பொய்யே இல்லை.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நைனா எழுந்து நின்றார். எழுந்து நின்றால் குத்திக் காட்டப் போகிறார் என்று அர்த்தம். நான் பயந்துவிட்டேன்.

“உங்க தாத்தாதாங்க கெலிச்சாரு,” என்றார் நைனா. “எங்க தாத்தா ஒரு நொடி முன்னாடியே விழுந்திருப்பாரு. அவரு கொணம் எனக்குத் தெரியும்.”

“அதெல்லாம் இல்லீங்க சம்மந்தி,” என்று மாமாவும் எழுந்தார். “மொதல்ல விழுந்தது எங்காளுதான். உங்க தாத்தாதான் கெலிச்சாரு.”

“இல்லீங்க, நான் சொல்றதக் கேளுங்க...”

“நீங்க கேளுங்க சம்மந்தி! எங்க தாத்தா தோத்தாருன்னு நான் சொல்றேன், நீங்க யாரு இல்லேன்றதுக்கு?”

குரல் உயர்ந்தது. பாய் இரண்டு கையையும் மேலே தூக்கினார். “இது அதவிடப் பெரிய பேஜாரு! வசந்தி, பிரியாணியக் கொண்டாரச் சொல்லுமா, இவங்க வாயை அடைக்கணும்.”

சம்மந்தி என்ற சொல் இரண்டு தடவை வந்ததை நானும் சுரேஷும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அசலூரில் ஒரு வீடு

ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இரண்டு கிளவுஸும் நூறு வருஷத்துக்கு அப்புறம் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. குடியாத்தத்துப் பெண்ணும் வந்திருந்தாள். நல்ல பெண். அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் வீடு கட்டியது வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில். அது எனக்கும் சொந்த ஊர் இல்லை, அவருக்கும் இல்லை. ஆம்பூருக்குப் போனால் வாக்குவாதத்தில் அவர் விழுவார், விரிஞ்சிபுரத்துக்குப் போனால் நான் விழுவேன். எழுதாத சட்டம். சத்துவாச்சாரியில்தான் முறை கிடையாது. ஜோடிக் கிளவுஸ் எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. சண்டை முற்றினால், இறங்கி வருகிறவர் தன் வீட்டுத் தாத்தாவின் கிளவுஸைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுவது வழக்கம். பேச வேண்டியதில்லை.

இந்த வாரம் சண்டை இந்தக் கட்டுரையால்தான். எழுதியதைப் படித்துவிட்டு, “நான் வேணும்னே ரைட்டை ஒளிச்சு வெச்சேன்னு எப்படி எழுதலாம்? அது தானா தப்பிப் போச்சு. கம்பெனில நான் நல்ல கட்டர்,” என்று குதித்தார். நான் மாற்றமாட்டேன் என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை.

இன்று காலை எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தொழிலில் பெயர் எடுத்த மனுஷன், போகட்டும் என்று அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்தேன். இடது கிளவுஸை எடுக்க ஷோகேஸைத் திறந்தேன். பக்கத்தில் வலது இல்லை.

மேஜைக்குப் போனேன். வலது அங்கே இருந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. “வேணும்னேதான் ஒளிச்சேன். எழுதிக்கோ.”

இடதை அதன் பக்கத்தில் வைத்தேன். முள் கீறல் ஒன்றோடு ஒன்று போய்ச் சேர்ந்தது. அடித்த பத்தியை மறுபடி எழுதிச் சேர்த்துத்தான் இதை அனுப்புகிறேன்.